ஒரு பல் கூடினால்

ரிமோட்டில் ஓடும், பத்தில் ஒரு பங்கு அளவுள்ள டிரக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டெக்சஸ் மாநிலத்தின் மெக்கின்னி நகரிலிருந்து வரும் டிராக்ஸஸ் நிறுவனத்தின் ‘ஸ்லாஷ்’ நான்கு சக்கர உந்தல் வண்டியை ஒத்தது என்று வைத்துக்கொள்ளலாம். எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மோட்டாரின் அச்சில் 13 பற்கள் கொண்ட சின்னஞ்சிறு பல்சக்கரம் இருக்கிறது. அதுதான் பினியன். பினியன் 54 பற்கள் கொண்ட ஸ்பர் கியரைச் சுழற்றுகிறது. அதைத் தாண்டி டிஃபரன்ஷியலில் வேகம் இன்னும் 2.85 மடங்கு குறைகிறது. ஆக, மோட்டார் 11.8 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

மோட்டாரின் உறைமேல் 3500 கே.வி. என்று அச்சிட்டிருப்பார்கள். சுமை இல்லாதபோது, கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் நிமிடத்துக்கு 3500 சுற்று என்று அதைப் படிக்க வேண்டும். மூன்று செல் லிப்போ பேட்டரியின் பெயரளவு அழுத்தம் 11.1 வோல்ட். பெருக்கினால் நிமிடத்துக்கு 38,850 சுற்று. டயரின் விட்டம் 109 மில்லிமீட்டர் என்றால், காகிதக் கணக்கில் மணிக்கு 67 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும்.

இனி 13 பல் பினியனைக் கழற்றிவிட்டு 14 பல் பினியனை மாட்டுங்கள். சில திருகுகளைத் தளர்த்தினால் போதும். ஐந்து நிமிட வேலை. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் கூடுதலாகக் கிடைத்துவிடும். இவ்வளவு மலிவான வேகம் இந்தப் பொழுதுபோக்கில் வேறு எங்கும் கிடைக்காது. அதனால்தான் புதிதாக வண்டி வாங்கியவர் முதலில் கை வைப்பது பினியனில். அதே காரணத்தால்தான் இந்த வண்டிகளில் எரிந்துபோன மோட்டார்களும் அதிகம். கூடிய அந்த ஒரு பல் வேகத்தை எட்டு சதவீதம் உயர்த்துகிறது. ஆனால் மோட்டாருக்குள் பிறக்கும் வெப்பம் அந்த எட்டோடு நிற்பதில்லை.

மோட்டார் எவ்வளவு முறுக்குவிசை தரும் என்பதை அதில் ஓடும் மின்னோட்டம் தீர்மானிக்கிறது. இரண்டும் நேர்விகிதத்தில் இருக்கும். 3500 கே.வி. மோட்டாரில் ஒரு ஆம்பியருக்கு 0.0027 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். இந்த எண் மோட்டாரின் அமைப்பிலேயே இருப்பது. ஓட்டுபவரால் மாற்ற முடியாது. மேட்டில் ஏறவோ மணலைத் தள்ளிக்கொண்டு போகவோ சக்கரத்தில் ஒரு குறிப்பிட்ட உந்துவிசை வேண்டும். அந்த விசையைக் கியர்கள் எத்தனை மடங்கு பெருக்கித் தருகின்றனவோ, அத்தனை மடங்கு குறைவான முறுக்குவிசை மோட்டாரிடமிருந்து போதும். பினியன் பெரிதானால் அந்தப் பெருக்கம் சுருங்குகிறது. சைக்கிளில் பெரிய கியரைப் போட்டுக்கொண்டு மேடு ஏறுபவரின் தொடை கடுப்பதைப் போல, அதே மேட்டுக்கு மோட்டார் கூடுதல் விசை போட வேண்டியிருக்கிறது. 13 பல்லுக்கு 14 என்றால் 7.7 சதவீதம் கூடுதல் மின்னோட்டம்.

மின்னோட்டம் பாயும் கம்பி எவ்வளவு சூடாகும் என்பதை இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் ஜேம்ஸ் ஜூல் 1840-41-இல் அளந்து காட்டினார். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1.077-ஐ அதனாலேயே பெருக்கினால் 1.16. அதாவது அதே மேட்டில், அதே வண்டியில், செம்புச் சுருளில் 16 சதவீதம் அதிக வெப்பம்.

இது மேடு ஏறும் கணக்கு. நேரான தார்ச்சாலையில் முழு வேகத்தில் ஓட்டினால் நிலைமை இன்னும் கடுமை. அங்கே வண்டியைத் தடுப்பது பெரும்பாலும் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். வேகம் 7.7 சதவீதம் கூடியதால் தேவைப்படும் உந்துவிசையே 16 சதவீதம் கூடிவிடுகிறது. அந்த விசையைத் தர வேண்டிய கியர் பெருக்கமோ குறைந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து மின்னோட்டத்தை 25 சதவீதம் உயர்த்துகின்றன. வர்க்கப்படுத்தினால் வெப்பம் 56 சதவீதம் உயர்கிறது. ஒரே பல்லுக்கு இவ்வளவு! இரண்டு பல் கூட்டி 15 போட்டால் வெப்பம் 2.36 மடங்கு. டயர் உருளும்போது ஏற்படும் உராய்வு வேகத்தோடு இப்படி ஏறாது என்பதால் நிஜத்தில் இந்த எண்கள் சற்றுக் குறையும். போகிற திசை மாறாது. சில வண்டிகளின் பெட்டியிலேயே பெரிய பினியன் ஒன்றைத் தனியாகப் போட்டுத் தருகிறார்கள். கூடவே, கெட்டியான வழவழப்பான தரையில், குறுகிய நேர வேக ஓட்டத்துக்கு மட்டும் என்ற எச்சரிக்கையும் இருக்கும். பலரும் பினியனை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

புல்வெளியில் நடப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மோட்டாரைக் கொல்லும் இடம் வேகப்பாதை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் கணிப்பில், மெதுவாக ஓட்டிய ஓட்டங்களில் போன மோட்டார்களே அதிகம். அதற்குக் காரணம், பேட்டரியிலிருந்து கிளம்பும் மின்னோட்டமும் மோட்டாருக்குள் ஓடும் மின்னோட்டமும் ஒன்றல்ல என்பது.

இரண்டுக்கும் நடுவில் வேகக் கட்டுப்படுத்தி இருக்கிறது. ஆர்வலர்கள் இதைச் சுருக்கமாக இ.எஸ்.சி. என்பார்கள். அதனுள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் பேட்டரி இணைப்பை நொடிக்குப் பல ஆயிரம் தடவை போட்டு அணைக்கின்றன. த்ராட்டில் 30 சதவீதம் என்றால், ஒவ்வொரு துடிப்பிலும் 30 சதவீத நேரம் மட்டும் இணைப்பு இருக்கும். இணைப்பு அற்றுப்போன மீதி நேரத்திலும் சுருளில் மின்னோட்டம் நின்றுவிடாது. சுருளின் தூண்டல் அதை விடாமல் ஓட்டிக்கொண்டே இருக்கும், அது இ.எஸ்.சி.க்குள்ளேயே சுற்றி வரும். ஆகவே மோட்டாருக்குள் 50 ஆம்பியர் தொடர்ந்து ஓடும்போது பேட்டரியிலிருந்து சராசரியாக 15 ஆம்பியர்தான் போகிறது. அழுத்தம் குறைந்து மின்னோட்டம் பெருகுகிறது. திறன் கணக்கு சரியாகவே இருக்கிறது. முழங்கால் உயரப் புல்லில் டிரக் முக்கி முனகி நகர்கிறது. பேட்டரி கைக்குக் குளிர்ச்சியாகவே இருக்கிறது. ஓட்ட நேரமும் நீளுகிறது. ஓட்டுபவர் வண்டியை மென்மையாக நடத்துவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே சுருளின் மின்தடை 0.02 ஓம் என்றால், 50 ஆம்பியரில் 50 வாட் வெப்பம் கொட்டிக்கொண்டிருக்கும்.

சென்சார் இல்லாத மோட்டார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. மோட்டாரின் நடுவில் சுழலும் பகுதியான சுழலி எந்த நிலையில் இருக்கிறது என்பதை, சுழற்சியால் சுருளில் எழும் எதிர் மின்னழுத்தத்தைப் பார்த்தே இ.எஸ்.சி. தெரிந்துகொள்கிறது. சுழற்சி மிக மெதுவானால் அந்த அழுத்தம் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். இ.எஸ்.சி. ஊகத்தில் மின்னோட்டத்தைச் செலுத்தும். வண்டி திக்கித் திணறும். அந்தத் திணறலின் ஒவ்வொரு வெட்டும் வேலையாக மாறாத வெப்பம். பெரிய பினியன் மாட்டிய வண்டி இந்த மெதுவேக மண்டலத்தில் அதிக நேரம் தங்குகிறது.

50 வாட் பெரிதா? மோட்டாரின் எடை ஏறத்தாழ 250 கிராம். செம்பு, இரும்பு, அலுமினியம் கலந்த இந்தக் கட்டியின் சராசரி வெப்ப ஏற்புத்திறன் கிராமுக்கு 0.45 ஜூல் அளவில் இருக்கும். ஆக மோட்டார் முழுவதையும் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 112 ஜூல் போதும். 50 வாட் என்பது நொடிக்கு 50 ஜூல். வெளியேற வழியில்லாவிட்டால் நிமிடத்துக்கு 27 டிகிரி ஏறும். மெதுவாக ஊரும் வண்டியில் காற்றோட்டமும் குறைவு. மூன்று நிமிடப் புல்வெளி ஓட்டம் ஆபத்தானது என்பதற்கு இந்தப் பெருக்கலே சான்று.

முழு ஓட்டத்துக்கும் ஒரு வரவுசெலவு போட்டுப் பார்க்கலாம். 5000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட மூன்று செல் பேட்டரியில் 55.5 வாட் மணி ஆற்றல் இருக்கிறது. ஏறத்தாழ 2,00,000 ஜூல். மோட்டாரின் பயனுறுதிறன் 85 சதவீதம் என்று தாராளமாகவே வைப்போம். மீதி 30,000 ஜூல் மோட்டாருக்குள் வெப்பமாகிறது. அத்தனையும் உள்ளேயே தங்கினால் வெப்பநிலை 267 டிகிரி உயரும். 20 நிமிட ஓட்டத்தில் சராசரியாக 25 வாட். அசையாத காற்றில் 36 மில்லிமீட்டர் விட்டமும் 60 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உறை, ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 0.1 வாட்டுக்கும் குறைவாகவே வெளியே தள்ளும். விசிறியோ வண்டியின் ஓட்டமோ காற்றை வீசினால் அது நான்கைந்து மடங்காகும். அப்போது 25 வாட்டை வெளியேற்றச் சுற்றுக்காற்றைவிட 55 டிகிரி அதிகச் சூட்டில் மோட்டார் நிலைகொள்ளும். காற்று 25 டிகிரி என்றால் மோட்டார் 80. டெக்சஸின் கோடை மதியத்தில் காற்றே 38 டிகிரி என்றால் மோட்டார் 93. குளிர்காலத்தில் சரியாக அமைந்த கியர் கோடையில் சரியாக இருக்காது என்பது இதிலிருந்தே தெரியும். இந்த வண்டிகளை ஓட்டுபவர்களிடையே 160, 180, 200 டிகிரி ஃபாரன்ஹீட் என்ற மூன்று எண்கள் அடிக்கடி அடிபடும். செல்சியஸில் முறையே 71, 82, 93. முதலாவது நிம்மதி, இரண்டாவது எச்சரிக்கை, மூன்றாவது நிறுத்த வேண்டிய இடம் என்று கொள்ளலாம்.

93-இல் ஏன் நிறுத்த வேண்டும்? செம்புக் கம்பியின் எனாமல் பூச்சு 155, 180 டிகிரி வரை தாங்கும் வகைகளில் கிடைக்கிறது. இரும்புக்கு ஒன்றும் ஆகாது. பலவீனம் காந்தத்தில் இருக்கிறது.

சுழலியில் இருப்பது நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தம். ஜப்பானில் மசாடோ சகாவா 1982-இல் சுமிடோமோ சிறப்பு உலோக நிறுவனத்தில் சேர்ந்து இதை உருவாக்கினார். அதே காலத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் க்ரோட் வேறு வழியில் அதே சேர்மத்தை வந்தடைந்தார். சட்டைப் பையில் வைக்கத்தக்க மோட்டார் குதிரைத்திறன் கணக்கில் இழுப்பது இந்தக் கண்டுபிடிப்பால்தான். ஆனால் இந்தக் காந்தத்துக்குச் சூடு ஆகாது. சாதாரண வகை 80 டிகிரி வரைக்கும் என்றே தரப்படுத்தப்பட்டிருக்கிறது. உயர்தர வகைகள் 120, 150, 180 டிகிரி வரை தாங்கும். அவற்றில் பெரும்பாலும் டிஸ்ப்ரோசியம் என்ற அரிய தனிமத்தைச் சேர்ப்பார்கள். அதன் விலை அதிகம். விலை குறைந்த மோட்டாரில் எந்த வகைக் காந்தம் இருக்கிறது என்று உறையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வரம்புக்குள் இருக்கும்போதும் ஒவ்வொரு டிகிரிக்கும் காந்தப்புலம் ஏறத்தாழ 0.12 சதவீதம் தளர்கிறது. குளிர்ந்தால் திரும்பி வந்துவிடும். இந்தத் தளர்ச்சிக்கு ஒரு விசித்திர விளைவு உண்டு. புலம் குறைந்தால் அதே வோல்ட்டுக்கு மோட்டார் வேகமாகச் சுற்றும். அதே முறுக்குவிசைக்கு அதிக மின்னோட்டம் கேட்கும். பினியனில் பல்லைக் கூட்டும்போது நடப்பதும் இதேதான். கணக்குப் போட்டால், மோட்டார் 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாவதும் 13 பல் பினியன் 14 ஆவதும் மின்னோட்டத்தின் கண்ணுக்கு ஒன்றே. சூடான மோட்டார் தனக்குத் தானே ஒரு பல்லைக் கூட்டிக்கொள்கிறது.

செம்பும் இதற்குத் துணைபோகிறது. ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் மின்தடை 0.39 சதவீதம் ஏறும். 20-லிருந்து 100 டிகிரிக்குப் போனால் மின்தடை 31 சதவீதம் அதிகம். காந்தத் தளர்ச்சியால் மின்னோட்டம் 10 சதவீதத்துக்குச் சற்று அதிகம். இரண்டையும் சேர்த்தால், குளிர்ந்த மோட்டார் செய்த அதே வேலைக்குச் சூடான மோட்டார் 60 சதவீதம் கூடுதல் வெப்பத்தைப் பிறப்பிக்கிறது. அந்த வெப்பம் மோட்டாரை மேலும் சூடாக்குகிறது. குளிர்விப்பு போதுமானதாக இருந்தால் இந்தச் சுற்று ஓரிடத்தில் அடங்கிவிடும். போதாவிட்டால் அடங்குவதற்கு இடமே இல்லை. ஓட்டத்தின் முதல் பத்து நிமிடம் நன்றாக இருந்த மோட்டார் கடைசி இரண்டு நிமிடத்தில் திடீரென எல்லை மீறுவது இதனால்தான்.

எல்லை மீறினால் காந்தத்தின் ஒரு பகுதி நிரந்தரமாகச் செத்துவிடும். சூடும், சுருளின் எதிர்ப்புலமும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. குளிர்ந்த பிறகும் அந்தப் புலம் மீளாது. அத்தகைய மோட்டார் மேசையில் சுமையில்லாமல் முன்னைவிட வேகமாகச் சுற்றும். அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. வண்டியில் மாட்டினால் இழுவை குறைந்திருக்கும், சூடு அதிகரித்திருக்கும். தானே கூட்டிக்கொண்ட பல் அதோடு நிலைத்துவிட்டது. சுழலியை மாற்றுவதுதான் வழி.

வெப்பநிலையை அளப்பது சுலபம் போலத் தெரியும். பலரும் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியை உறைமேல் நீட்டுகிறார்கள். அந்தக் கருவி பொருளிலிருந்து வரும் கதிர்வீச்சைத்தான் பார்க்கிறது. மங்கலான பரப்புகளுக்கு ஏற்பவே அது அமைக்கப்பட்டிருக்கும். பளபளக்கும் அலுமினியம் தன் சூட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கதிர்வீச்சாகக் காட்டாது, எதிரிலுள்ளதைத்தான் பிரதிபலிக்கும். 90 டிகிரி மோட்டார் 50 டிகிரி என்று பொய் சொல்லும். உறைமேல் ஒரு சிறு கறுப்பு மின்நாடாவை ஒட்டி, அதைக் குறிவைத்து அளந்தால் இந்தப் பொய் போய்விடும்.

அதன் பிறகும் அளப்பது உறையைத்தான். இந்த மோட்டார்களில் சுருள் உறையை ஒட்டி வெளிப்புறம் இருக்கிறது; காந்தம் நடுவில், காற்றிடைவெளிக்கு உள்ளே சுழல்கிறது. சுருளின் சூடு உறை வழியாக வெளியேறும். காந்தத்தில் பிறக்கும் சூட்டுக்கு அந்த மெல்லிய காற்றுப் படலமும் பேரிங்குகளும்தான் வாசல். உறை 85 காட்டும்போது உள்ளே எவ்வளவு என்பது வெளியிலிருந்து தெரியாது. வண்டியை நிறுத்திய பின் சில நிமிடங்களுக்கு உறையின் எண் ஏறுவதைப் பார்க்கலாம். விசிறி நின்றுவிட்டது, உள்ளே தேங்கிய வெப்பம் வெளியே வருகிறது. நிறுத்தியவுடன் ஒரு தடவை, இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஒரு தடவை அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்வதே சரி. சென்சார் உள்ள மோட்டார்களின் ஆறு கம்பி இணைப்பில் ஒரு கம்பி வெப்பநிலைக்கென்றே இருக்கிறது, அங்கே இ.எஸ்.சி. மோட்டாரின் உட்புறத்தையே கேட்டறிய முடியும். அந்தக் கம்பி இல்லாத இடத்தில் இ.எஸ்.சி.யின் வெப்பப் பாதுகாப்பு தன்னை மட்டுமே காத்துக்கொள்ளும். மோட்டார் எரிந்துகொண்டிருப்பது அதற்குத் தெரியாது.

இவ்வளவையும் படித்துவிட்டு மிகச் சிறிய பினியனுக்கு ஓடுவதிலும் பலனில்லை. நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 40,000 சுற்று சுற்றினால், அதன் இரும்புக்குள் காந்தப்புலம் நொடிக்கு 1,333 தடவை முழுச் சுழற்சி கண்டு திரும்புகிறது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் இரும்பு ஒரு வரி வசூலிக்கிறது. சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ் 1892-இல் அந்தத் தயக்க இழப்புக்குச் சூத்திரம் தந்தார். அதோடு இரும்புத் தகடுகளில் சுழல் மின்னோட்டங்களும் எழும். அவை அதிர்வெண்ணின் வர்க்கமாகப் பெருகும். சின்னப் பினியன் போட்டு எந்நேரமும் த்ராட்டிலை முழுதாக அழுத்தியே ஓட்டினால், செம்பில் மிச்சமானதில் ஒரு பகுதியை இரும்பு தின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் மோட்டார் மிகக் குறைவாகச் சூடாகும் இடம் ஒன்று உண்டு. அந்த இடம் தரையைப் பொறுத்து நகரும்: புல்லுக்கு ஒன்று, மண்பாதைக்கு ஒன்று, தாருக்கு ஒன்று.

‘குறைந்த கே.வி. மோட்டார் வாங்கினால் சூடாகாது’ என்றும் பலர் சொல்கிறார்கள். இது பாதிதான் உண்மை. ஒரே அளவு மோட்டாரில் சுற்றுகளை இரட்டித்து, கம்பியை மெலிதாக்கினால் கே.வி. பாதியாகும், மின்னோட்டமும் பாதி போதும். ஆனால் மின்தடை நான்கு மடங்காகிவிடும். அதே முறுக்குவிசைக்குச் சுருளில் பிறக்கும் வெப்பம் இம்மியும் மாறாது. லாபம் இ.எஸ்.சி.க்கும் கம்பிகளுக்கும் இணைப்பிகளுக்கும்தான். மோட்டார் குளிர வேண்டுமென்றால் கியர் மாற வேண்டும். இரண்டு செல் பேட்டரியில் ஓடிய வண்டிக்கு மூன்று செல் போட்டு, வேகம் பழையபடியே இருக்குமாறு பினியனைக் குறைத்துப் பாருங்கள். அதே உந்துவிசைக்கு மின்னோட்டம் மூன்றில் இரண்டு பங்காகும். செம்பின் வெப்பம் பாதிக்கும் கீழே, 44 சதவீதத்துக்கு இறங்கும். கியரைத் தொடாமல் மூன்று செல்லை மட்டும் போட்டால், காற்றை எதிர்த்து ஓடும் முழு வேகத்தில் அதே வெப்பம் ஐந்து மடங்காகும். கடையில் வாங்குவது ஒரே பேட்டரி.

டயருக்கும் இதே கணக்குதான். 109 மில்லிமீட்டர் டயரைக் கழற்றி 120 மில்லிமீட்டர் டயரை மாட்டுபவர், தன்னை அறியாமலே கியரைப் பத்து சதவீதம் உயர்த்திவிடுகிறார். 13 பல்லை 12 ஆக்கினால் அதில் பெரும்பகுதி ஈடாகும். மாற்றியதும் மூன்று நிமிடம் ஓட்டி அளந்து, மறுபடி ஐந்து நிமிடம் ஓட்டி அளந்து பார்க்க வேண்டும். எண் ஏறுவது தணியாமல் இருந்தால் இன்னொரு பல்லைக் குறைக்கலாம். அப்போதும் தணியாவிட்டால் பினியனை விட்டுவிட்டு மற்றவற்றைத் தேட வேண்டும். இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே ஒரு காகிதக் கீற்றை நுழைத்து நெருக்கத்தைச் சரிபார்க்கலாம். மோட்டாரைப் பிரித்துவிட்டுச் சக்கரங்களைக் கையால் சுழற்றினால் இறுகிப்போன பேரிங் தெரிந்துவிடும். அங்கே வீணாகும் விசைக்கும் மோட்டார்தான் மின்னோட்டம் கொடுத்துக்கொண்டிருக்கும்.